கேட்டு வாங்குங்கள்: மஞ்சள் கம்பியும் கார் போர்ச் தூணும்

பந்திங் வட்டாரத்தில் யாரோ வேனில் மாதிரிக் கம்பியை ஏற்றிக்கொண்டு தாமான் தாமானாகச் சுற்றுகிறார் போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பிக்குப் பதிலாகப் போட, கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்து இழுத்துச் செய்யும் மஞ்சள் கம்பி அது. துருப்பிடிக்காது, எடையும் இரும்பில் கால் பங்குதான். அதுவரை உண்மை.

கேள்வி: சேமநிதிப் பணத்தில் கார் போர்ச் கட்டுகிறேன். “இந்தக் கம்பி இரும்பைவிட இரண்டு மடங்கு பலம். தூணுக்கு நாலு வேண்டாம், இரண்டு போதும், மிச்சக் காசு உங்களுக்கே” என்கிறார் கொன்ட்ரெக்டர். நம்பலாமா? – ஓய்வுபெற்ற கிராணி, தெலுக் டத்தோ

பதில்: நம்பாதீர்கள் ஐயா. சதுரத் தூணில் மூலைக்கு ஒன்றாக நாலு கம்பி என்பது குறைந்தபட்ச விதி. தங்கத்தில் கம்பி செய்தாலும் இரண்டோடு நிறுத்த முடியாது.

இப்போது அந்த “இரண்டு மடங்கு”க்கு வருவோம். விளம்பரத்தில் மடங்கு என்று பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “மூன்று மடங்கு இழுக்கும்” என்று வாங்கிய தண்ணீர்ப் பம்பு இன்றும் என் ஸ்டோர் அறையில் தூசி படிந்து கிடக்கிறது. எதைவிட மூன்று மடங்கு, எந்த வேலையில் மூன்று மடங்கு என்று பெட்டியில் ஓரிடத்திலும் இல்லை. கம்பிக்காரர் செய்வதும் அதேதான். அவர் காட்டும் கணக்கு கம்பியைப் பிடித்து இழுக்கும்போது தாங்கும் கணக்கு. இழுவையில் நல்ல கண்ணாடி நார்க் கம்பி சதுர மில்லிமீட்டருக்கு 800, 1000 நியூட்டன்கூடத் தாங்கும். நாம் வழக்கமாகப் போடும் இரும்பு 500-இல் இளகி நீளத் தொடங்கும். சரி, இரண்டு மடங்குதான். ஆனால் உங்கள் போர்ச் கூரை தூணை இழுக்கவில்லையே, அமுக்குகிறது!

அமுக்கும்போது பார்க்க வேண்டியது விறைப்பு, அதாவது சுருங்காமல் எதிர்த்து நிற்கும் தன்மை. இரும்பின் விறைப்பு 200 கிகாபாஸ்கல் என்றால் இந்தக் கம்பிக்குச் சுமார் 50. கான்கிரீட் நொறுங்கும் கட்டத்தில் தூண் ஏறக்குறைய 0.3 விழுக்காடு சுருங்கியிருக்கும். உள்ளே இருக்கும் கம்பியும் அதே அளவுதான் சுருங்கும். அந்த நேரத்தில் இரும்பு தன் 500-ஐயும் முழுதாகக் கொடுத்துவிடும். கண்ணாடி நார்க் கம்பி கொடுப்பது 150. அதன் மீதிப் பலம் அங்கே உங்களுக்கு ஒரு காசுக்கும் உதவாது, ஏனென்றால் அதற்குள் கான்கிரீட்டே போய்விடும். இந்தக் கம்பி போட்ட தூண்களை அமுக்கிப் பார்த்த பல சோதனைகளில், மொத்தச் சுமையில் கம்பியின் பங்கு 5 முதல் 10 விழுக்காடு அளவில்தான் இருந்தது.

அமெரிக்கக் கான்கிரீட் கழகம் 2022-இல் இந்தக் கம்பிக்கென்றே தனி விதித்தொகுப்பு வெளியிட்டது. தூணில் போடலாம் என்கிறது. ஆனால் அமுங்கும் பக்கத்தில் உள்ள கம்பியைக் கணக்கில் கான்கிரீட்டாகவே எண்ணச் சொல்கிறது. அதாவது அந்த இடத்தில் கம்பி என்ற பெயரில் கூடுதலாக ஒன்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கொன்ட்ரெக்டரோ அதை நம்பிப் பாதியைக் குறைக்கிறார்! நகராண்மைக் கழகத்துக்குப் போகும் வரைபடத்தில் பதிவுபெற்ற பொறியாளர் எத்தனை கம்பி என்று கையெழுத்திட்டிருக்கிறாரோ அத்தனை போடச் சொல்லுங்கள். வரைபடமே இல்லை என்றால் கொன்ட்ரெக்டரை மாற்றுங்கள்.

கேள்வி: கான்கிரீட்டில் நார் பாக்கெட் ஒன்று கொட்டினால் தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியே தேவையில்லையாமே? – ஜுக்ரா

பதில்: தேவை.

கேள்வி: மஞ்சள், பச்சை, கறுப்பு மூன்றும் விற்கிறார்கள். எது பலம்? – சுங்கை மங்கிஸ்

பதில்: சேலையா எடுக்கிறீர்கள்? நிறம் வெறும் சாயமாக இருக்கலாம். கறுப்பைக் காட்டிக் கரிநார் (கார்பன் ஃபைபர்) என்று விலை சொன்னால் உடனே பையைத் திறக்காதீர்கள். சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் இழுவைப் பலமும் விறைப்பும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: நார் கலந்த கான்கிரீட் தூணுக்கு உண்மையிலேயே நல்லதா, வெறும் வியாபாரமா? சிறு கட்டட வேலைகள் எடுத்துச் செய்கிறேன். – தம்பி ஒருவர், பந்திங்

பதில்: நல்ல கேள்வி தம்பி. நார் போட்டால் தூண் தாங்கும் உச்சச் சுமை பெரிதாக ஏறாது. அந்த உச்சத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் நாரின் வேலை இருக்கிறது. சாதாரணத் தூணில் கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் வெடித்துச் சிதறி உள்கம்பி வெளியே தெரியும். இரும்பு நார் போட்ட தூணில் விரிசல் வந்தாலும் நார்கள் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். துண்டு துண்டாக உதிராமல் மெதுவாக இறங்கும். கண்ணாடி நார்க் கம்பி இரும்பைப் போல இளகி நீளாது, எச்சரிக்கை இல்லாமல் முறியும். அதனால் அந்தக் கம்பியோடு சேர்க்கும்போது நாரால் கூடுதல் பயன் உண்டு. வளையங்களையும் நெருக்கிப் போட்டால் இன்னும் நல்லது.

ஆனால் எந்த நார், எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஒரு கன மீட்டருக்கு 600 கிராம் வரும் பாலிபுரொப்பிலின் மென்நார், கான்கிரீட் காயும்போது வரும் மேல்விரிசலைத் தடுக்கத்தான். தூணைத் தாங்க அது வராது. ஆய்வுகளில் பேசுகிற, கன அளவில் 1 விழுக்காடு இரும்பு நார் என்றால் கன மீட்டருக்குச் சுமார் 78 கிலோ! அவ்வளவு போட்டால் கலவை இறுகும், நார் உருண்டை உருண்டையாகத் திரளும். இறுகுகிறதே என்று ஆள்கள் தண்ணீரை ஊற்றினால், நார் வாங்கிய காசும் போச்சு, கான்கிரீட்டும் போச்சு.

கேள்வி: ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது என்று 12 மில்லிமீட்டர் கண்ணாடி நார்க் கம்பி 60 வாங்கிவிட்டேன். பீமோடு சேர்க்க முனையை வளைக்க வேண்டும், முடியவில்லை. கேஸ் டார்ச்சால் சூடாக்கி வளைக்கலாமா? – கேரித்தீவு

பதில்: அறுபது கம்பி வாங்குமுன் ஒன்றை வாங்கி வளைத்துப் பார்த்திருக்கக் கூடாதா? காசைக் கட்டிவிட்டு எனக்கு எழுதுவதே நம் ஆள்களுக்கு வழக்கமாகிவிட்டது.

டார்ச்சைத் தொடாதீர்கள். பிசின் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். சூடாக்கினால் கருகும், நார் பிரிந்து நிற்கும். வளைவு வேண்டுமென்றால் தொழிற்சாலையிலேயே வளைத்து வாங்க வேண்டும், அப்போதும் வளைவில் பலம் குறைவு. கையில் இருக்கும் நேர்க் கம்பிக்குச் சான்றிதழ் இருந்தால் வீட்டைச் சுற்றித் தரையில் போடும் சிமெண்டுத் தளத்துக்குப் பயன்படுத்துங்கள். வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். வெட்டிய முனையில் பளபளவென்று நிற்கும் நார் கையில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது, ராத்திரி முழுக்க அரிக்கும்.

கேள்வி: தோட்டத்தில் வேலை செய்து சேர்த்த 8,000 ரிங்கிட்டைச் சமையல்கட்டு நீட்ட முன்பணமாகக் கொடுத்தேன். நாலு தூண் நிறுத்திவிட்டு ஆளைக் காணோம். தூண் நெடுக ஓட்டை, ஒரு பக்கம் கம்பி தெரிகிறது. அக்கம்பக்கத்தில் என்னைத்தான் குறை சொல்கிறார்கள். – ஓர் அம்மா, மோரிப்

பதில்: அம்மா, குறை சொல்கிறவர்களை விடுங்கள். உழைத்த காசை நம்பிக் கொடுத்தது குற்றமில்லை, வாங்கிக்கொண்டு ஓடியதுதான் குற்றம்.

முதலில் அந்தத் தூண்கள்மேல் எதையும் ஏற்ற விடாதீர்கள். மேலே சிமெண்டு பூசி மறைக்கிறேன் என்று வேறு யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஓட்டைகள்தான் உங்கள் சாட்சி. கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுங்கள், கம்பி தெரியும் இடத்தில் அளவுநாடாவை வைத்து எடுங்கள். ரசீது, வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அச்செடுத்து வையுங்கள். பிறகு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யுங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும், வழக்கறிஞர் வேண்டாம். அந்த ஆள் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி-யில் பதிந்தவரா என்றும் பாருங்கள். பதியாமல் கட்டட வேலை எடுப்பது சட்டப்படி தவறு. போலீஸ் புகாரும் கொடுங்கள். படிவம் நிரப்பச் சிரமமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து நிரப்பிக்கொள்ளலாம்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் எங்கள் கோயில். பழைய மண்டபத் தூண்களில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் வெடித்துவிட்டது. புது அன்னதானக் கூடத்துக்கு இந்தக் கம்பி போடலாமா? – கோயில் நிர்வாகத்தினர்

பதில்: துரு பயம் நியாயம்தான். உப்புக் காற்றில் இந்தக் கம்பிக்கு உண்மையான பயன் உண்டு, தரைத்தளத்துக்குத் தாராளமாகக் கேளுங்கள். தூணுக்கு என்றால், இந்தக் கம்பியில் கணக்குப் போட்டுக் கையெழுத்திடும் பொறியாளர் கிடைத்தால் மட்டும். இரும்புக்குப் போட்ட வரைபடத்தில் கம்பியை மட்டும் மாற்றுவது கூடாது.

இன்னொன்று, நெருப்பு. பிசின் 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். இரும்பு 500 டிகிரியைத் தாண்டியும் பாதிப் பலத்தோடு நிற்கும். பெரிய அடுப்பும் கேஸ் தோம்பும் இருக்கும் சமையல் பக்கத் தூண்களுக்கு இரும்புதான். துத்தநாகம் பூசிய கம்பி போட்டு, கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் கான்கிரீட் விடுங்கள். கடல் மணலைக் கலவைக்குள் விடாதீர்கள். கான்கிரீட் ஊற்றும் அன்று நிர்வாகத்தில் ஒருவர் பசியாறிவிட்டுக் காலையிலேயே போய் அங்கே நிற்கட்டும்.