ஏற்காட்டுக்கு ரயில் எப்போது வரும்? – கார்டு பதில்கள்

(சரக்கு ரயில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, சேலம் சூரமங்கலத்தில் வசிப்பவர், மலை ரயில் பயணம் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஊட்டிக்கு ரயில் இருக்கிறது, ஏற்காட்டுக்கு மட்டும் ஏன் இல்லை? இனிமேலாவது வருமா?
– அஸ்தம்பட்டி வாசகர்

தேர்தல் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் ஊட்டிக்குக் குடிபெயர்ந்தது. கவர்னர், அதிகாரிகள், குமாஸ்தாக்கள், கோப்புக் கட்டுகள் எல்லாம் மலையேற வேண்டியிருந்தது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் தண்டவாளம் போய்ச் சேர்ந்தது. ஏற்காட்டில் இருந்தவர்களோ காபித் தோட்டத்துக்காரர்கள். அங்கிருந்து ராஜாங்கம் நடத்த வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இனிமேல் வருமா என்பதற்குக் கணக்கைப் பாருங்கள். சேலம் ஜங்ஷன் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது. ஏற்காடு அதைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். நீலகிரிப் பாதையில் மிகக் கடுமையான ஏற்றம் 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் உயரும். அந்த ஏற்றத்தையே வைத்துக்கொண்டாலும் இங்கே 12 கிலோமீட்டருக்குக் குறையாமல் பல்தண்டவாளம் (எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏற, நடுவே பற்கள் வெட்டிய பட்டை வைத்த பாதை) வேண்டும். நடுவில் வண்டி நிற்கவும் எதிர்வண்டிக்கு வழிவிடவும் சமதளம் வேண்டும். அதற்குக் காட்டையும் தோட்டத்தையும் வெட்ட வேண்டும். பஸ்ஸோ 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு மேலே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. எனக்கு ஆசை உண்டு, நம்பிக்கை இல்லை.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று ஒரு வண்டி இருக்கிறதே என்பீர்கள். அது ஈரோட்டிலிருந்து சென்னைக்குப் போவது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் காலடியை இரவில் கடக்கிறது. பயணிகள் போர்வைக்குள் இருப்பார்கள்.

சேலத்திலிருந்து சென்னை போகும்போது மலை பார்க்க எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?
– ஆத்தூர் வாசகி

வலது பக்கம், அம்மா. திரும்பி வரும்போது இடது பக்கம். ஆனால் பக்கத்தைவிட நேரம்தான் முக்கியம். நம் ஊர்க்காரர்கள் 'ராத்திரி ஏறினால் காலையில் சென்னை' என்றே பழகிவிட்டார்கள். மலையை ஒட்டி ஓடும் பாதையை வைத்துக்கொண்டு, மலை பார்க்க வெளியூருக்கு டிக்கெட் எடுக்கிறார்கள்!

மேக்னசைட் ஜங்ஷனில் வெள்ளைக்கல் சுரங்கத்தின் மண்மேடுகள் தெரியும். கருப்பூர், தின்னப்பட்டி தாண்டியதும் மலை நெருங்கி வரும். டேனிஷ்பேட்டை, லோக்கூர், பொம்மிடி வரைதான் விருந்து. காப்புக்காட்டுக்குள் பாதை வளைந்து வளைந்து போகும். மலை கிழக்கே இருப்பதால் காலையில் அதன் முகம் நிழலில் கிடக்கும், வெறும் கறுப்புச் சுவராகத்தான் தெரியும். மாலை வெயில் நேராக அதன் மேல் விழும்போது ஒவ்வொரு பாறையும் ஓடைத் தடமும் தனித்தனியாகத் தெரியும். ஆகவே மாலையில் சேலத்தைத் தாண்டும் கோவை எக்ஸ்பிரஸில் போங்கள்.

கார்டு என்பவன் ரயிலின் கடைசிப் பெட்டியில் இருப்பவன், எதையும் கடந்த பிறகே பார்ப்பான். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட எங்கள் சரக்கு வண்டியை லோக்கூரில் லூப் லைனில், அதாவது பக்கத்துத் தண்டவாளத்தில், நிறுத்திவிடுவார்கள். கார்டு பெட்டியான பிரேக்வேனின் திறந்த மேடையில் நின்றால், காய்ந்த புல் வாசனையும் சூடேறிய பிரேக் கட்டையின் கருகல் வாசனையும் சேர்ந்து வரும். எக்ஸ்பிரஸ் போன பிறகும் அதன் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்துகொண்டிருக்கும். சிக்னல் விழாமல் இருந்தால் தேவலை என்று நினைத்த கார்டு நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

படிக்கட்டில் நின்று வீடியோ எடுத்தால்தான் மலை நன்றாக விழுகிறது. தவறா?
– கல்லூரி மாணவர், ஓமலூர்

தவறு. ரயில்வே சட்டப்படி குற்றமும்கூட. நீங்கள் விழுந்தால் வண்டியை நிறுத்தி இறங்கித் தேடுகிறவன் கார்டுதான், தம்பி.

எழுபது வயது அம்மாவை ஊட்டி மலை ரயிலில் அழைத்துப்போக ஆசை. சேலத்திலிருந்து எப்படிப் போவது?
– அம்மாப்பேட்டை வாசகி

முதலில் ஒரு பெருமை. 2007-இல் சேலம் ரயில்வே கோட்டம் உருவானதிலிருந்து நீலகிரி மலை ரயிலும் நம் கோட்டத்தில்தான் இருக்கிறது. யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற பாதை அது.

நீலகிரி எக்ஸ்பிரஸ் நள்ளிரவுக்குப் பிறகு சேலம் வந்து, காலையில் மேட்டுப்பாளையம் சேரும். மலை ரயில் அங்கிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டுக்கு 60 நாள் முன்பே முந்திக்கொள்ள வேண்டும், கோடையில் திறந்ததும் தீர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் திட்டமிடாதீர்கள். அடைமழையில் மண் சரிந்தால் ரத்து செய்துவிடுவார்கள்.

ஆனால் அம்மாவுக்கு எழுபது வயது என்கிறீர்கள். நடுராத்திரியில் சேலம் பிளாட்பாரத்தில் காத்திருக்க வேண்டும். மலை ரயில் பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, வண்டி நிற்கும் ஸ்டேஷனில் இறங்கித்தான் போக வேண்டும். இருக்கையும் நெருக்கம். என் அம்மாவாக இருந்தால் பகலில் காரிலோ பஸ்ஸிலோ குன்னூர் போய், ஒரு இரவு தங்கி, மறுநாள் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயிலில் அழைத்துப்போவேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். கேத்தியில் பள்ளத்தாக்கு திறந்துகொள்ளும். நீராவி எஞ்சினும் பல்தண்டவாளமும் கீழ்ப்பாதியில்தான் என்பது உண்மை. அதை நீங்கள் பிள்ளைகளோடு இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

மலை ரயிலில் எஞ்சின் ஏன் பின்னால் இருக்கிறது?
– ஏழாம் வகுப்பு மாணவி, ஏற்காடு

நல்ல கேள்வி, கண்ணு. ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுத்தால், இணைப்பு அறுந்துவிட்ட பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடிவிடும். பின்னால் நின்று தள்ளினால் பெட்டிகளை எஞ்சினே தாங்கிக்கொள்ளும். இறங்கும்போதும் எஞ்சின் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும்.

கல்லாறு முதல் குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டை இருக்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. அவற்றில் இரண்டு, சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும்; மற்ற இரண்டு, பல்சக்கரங்களைச் சுழற்றும். ஓட்டுநரால் முன்னால் பார்க்க முடியாது என்பதால், முன்பெட்டியின் மேடையில் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். எனக்கு வாய்க்காத வேலை அது. பாதை முழுவதும் முதலில் அவருக்குத்தான் தெரியும்.

பெங்களூருக்கு வந்தே பாரத் நல்லதா, எர்ணாகுளம் இன்டர்சிட்டியா?
– தர்மபுரி வாசகர்

அவசரமென்றால் வந்தே பாரத். பார்க்கவென்றால் இன்டர்சிட்டியில் இரண்டாம் வகுப்பு இருக்கை, அங்கே ஜன்னலைத் திறக்கலாம். இரண்டும் ஓமலூர், தர்மபுரி, ஓசூர் வழிதான். தொப்பூரிலிருந்து சிவாடி வரையிலான கணவாயில், வளைவு வரும்போது கடைசிப் பெட்டியிலிருந்தே எஞ்சினைப் பார்க்கலாம். அங்கே பாறையை வெட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். 2021 நவம்பரில் கண்ணூர் – யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் மேல் பாறைகள் உருண்டு விழுந்து பெட்டிகள் தடம் புரண்டது அந்தப் பகுதியில்தான். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. மழைக்காலத்தில் அங்கே வண்டி மெதுவாகப் போனால் முணுமுணுக்காதீர்கள்.

மகன் ஜெர்மனியில் இருக்கிறான். சுவிட்சர்லாந்தின் கிளேசியர் எக்ஸ்பிரஸில் போகலாம் என்கிறான். அவ்வளவு பணம் தகுமா?
– ஃபேர்லாண்ட்ஸ் வாசகர்

ஜெர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை 291 கிலோமீட்டர், சுமார் எட்டு மணி நேரம். 91 சுரங்கம், 291 பாலம், 2,033 மீட்டர் உயரத்தில் ஓபரால்ப் கணவாய். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது பெரிய கண்ணாடி போட்ட மூடிய பெட்டி. டிக்கெட்டுக்கு மேல் இருக்கை முன்பதிவுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதே தண்டவாளத்தில் உள்ளூர் ரயில்களும் ஓடுகின்றன. முன்பதிவு வேண்டாம், பிடித்த ஊரில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். நான் என்றால் அதைத்தான் பிடிப்பேன்.

அந்தப் பாதையின் செங்குத்தான இடங்களில் இருப்பதும் நம் கல்லாறு – குன்னூர் பல்தண்டவாள முறைதான். அதைக் கண்டுபிடித்த ஆப்ட் என்பவர் சுவிஸ்காரர். நீலகிரியின் பழைய எஞ்சின்கள்கூட அங்கே வின்டர்தூரில் செய்யப்பட்டவை. பிறகு வந்தவற்றை நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே செய்துவிட்டார்கள். மகனிடம் இதையும் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது அவனை மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துப்போக ஒரு சாக்கு கிடைக்கும்.