கேபிள்காரர விட்டுட்டு கம்பெனி லைனுக்கு மாறலாமுங்களா?

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துல தோட்டத்து சாளைல குடியிருக்கற ஒருத்தர் கேட்டிருக்காருங்க: "லோக்கல் கேபிள்காரர்கிட்ட 100 எம்பி லைன், மாசம் 708 ரூபா கட்டறோம். இப்ப ஒரு கம்பெனி ஆள் வந்து 499க்கு 40 எம்பி தர்றேன், ஆறு மாசம் ஒண்ணாக் கட்டுனா மாட்டற கூலி இல்லைங்கறாரு. பையன் ஊட்ல இருந்தே ஐடி வேலை பாக்கறான், வாசல்ல ரெண்டு கேமரா இருக்குது. மாறலாமுங்களா?"

மொதல்ல கணக்கப் பாத்துருவோமுங்க. 499ங்கறது போஸ்டர் ரேட்டு, அதுமேல 18% ஜிஎஸ்டி விழுந்தா 589 ஆயிரும். நீங்க கட்டற 708 அநேகமா 600ம் வரியுந்தான், பில்ல எடுத்துப் பாத்துக்கோங்க. ஆக நெசமான வித்தியாசம் மாசம் 119 ரூபா, ஆறு மாசத்துக்கு 714. நீங்க மனசுல வெச்சிருக்கற 200 இல்லீங்க.

ஸ்பீடப் பத்திக் கவலைப்பட வேண்டாம், 40 எம்பி உங்களுக்குத் தாராளம். பையனோட மீட்டிங்குக்கு 4 எம்பி போதும், ஹால் டிவில 4கே ஓடுனாலும் 25க்குள்ள முடிஞ்சுரும், கேமரா ரெண்டும் சேர்ந்து ஒரு நாலஞ்சு. 100 எம்பிக்குக் காசு கட்டியும் உள் ரூம்ல 20தான் வருதுன்னா தப்பு லைன்ல இருக்காது, பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர்லயும் கெட்டிச் செவுத்துலயும் இருக்கும். லேன் ஒயர லேப்டாப்புல சொருகி ராத்திரி ஒம்பது மணிக்கு டெஸ்ட் போட்டுப் பாருங்க, அப்ப வர்றதுதான் கேபிள்காரர் குடுக்கற ஸ்பீடு. இன்னொண்ணு, 100 எம்பின்னா மெகாபிட்டு, டவுன்லோடு ஆகறப்ப செகண்டுக்கு 12 மெகாபைட்டுதான் காட்டும், அதப் பாத்து ஏமாத்திட்டான்னு சண்டைக்குப் போகாதீங்க. நான் போயிருக்கேன், அப்பறம் எங்க கேபிள்காரர் மொகத்துல முழிக்கறதுக்கே சங்கடமாப் போச்சு.

இனிதான் விசயமே. உங்குளுது தோட்டத்து சாளை, மெயின் ரோட்டுல இருந்து தென்னந்தோப்புக்குள்ள ஒயர் வரோணும். மட்டை விழுந்தா அந்தும், அணில் கடிச்சா அந்தும், கரும்பு லாரி இழுத்துட்டுப் போனாலும் அந்தும். டப்பால செவப்பு லைட்டு எரியறப்ப யாரு பைக்க எடுத்துட்டு வந்து ஒட்டுப் போட்டுத் தர்றாங்கங்கறதுதான் தோட்டத்துக்காரருக்கு நல்ல டீலு. கேபிள்காரர் பொழுதோட போன் பண்ணுனா வெடியால வந்து நிக்கற ஆளா இருந்தா அந்த 119 ரூபா அவருக்கே போகட்டும். ரெண்டு நாள் லைன் இல்லாம பையன் லேப்டாப்பத் தூக்கிட்டு டவுனுக்குப் பஸ் ஏறுனா அந்த 714 எங்க மிஞ்சப் போகுதுங்க?

ஆனா அவருகிட்டயும் ஒண்ணு கேக்கோணும், நடுவுல கம்பத்துல வெச்சிருக்கறது ஸ்ப்ளிட்டரா இல்ல சுவிட்ச்சா? ஸ்ப்ளிட்டருன்னா ஒரு ஃபைபர் லைனப் பல ஊட்டுக்குப் பிரிச்சு உடறது, அதுக்குக் கரண்டே வேண்டாம், ஊட்ல ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வெச்சுட்டீங்கன்னா, அவரோட ஆபீஸ்ல பேட்டரி இருக்கற வரைக்கும் லைன் ஓடும். சுவிட்ச்சுங்கறது கரண்டுல ஓடி லைனப் பிரிக்கற பெட்டி, அதுன்னா அந்தத் தெருவுல கரண்ட் போனதும் உங்க நெட்டும் போயிரும், நீங்க எத்தன யூபிஎஸ் வாங்கி வெச்சாலும் பிரயோசனமில்ல.

கம்பெனி ஆளுகிட்டக் கேக்க வேண்டியது, ஒயர் எந்தக் கம்பத்துல இருந்து வருதுங்கறது. சுத்தி வளைச்சுப் பேசுனாருன்னா அது ஏர்ஃபைபரா இருக்கலாம், மொட்டமாடில டப்பா வெச்சு 5ஜி டவர்ல இருந்து சிக்னல் புடிக்கறது. மோசமில்ல, மட்டை விழுந்து அந்தற தொல்லையும் இல்ல, ஆனா டவர் தூரமா இருந்தா பொழுதானதும் ஸ்பீடு படுத்துக்கும். டேட்டாவையும் கேட்டுப்போடுங்க, அன்லிமிடெட்டுன்னு பேருதான், ஃபைபர்ல பல பிளானுக்கு மாசம் 3300 ஜிபி, ஏர்ஃபைபர்ல 1000 ஜிபி மாதிரி ஒரு அளவு வெச்சிருப்பாங்க, தாண்டுனா ஸ்பீடக் கொறச்சுருவாங்க. 3300ன்னா நாளைக்கு 110 ஜிபி, ஒரு குடும்பம் அதத் தாண்டறது செரமம்.

கேமராவ போன் ஆப்புல பாக்கறீங்கன்னா எந்த லைனுன்னாலும் ஓடும். கேமரா பதிவாகற டிவிஆர் பெட்டிக்கு வெளிய இருந்து நேரா வழி தொறந்து உட்டு, அதாவது போர்ட் ஃபார்வர்டு பண்ணிப் பாக்கறீங்கன்னா மட்டும், இன்டர்நெட்டுல உங்க லைனுக்குன்னு தனி விலாசம், அதான் பப்ளிக் ஐபி, குடுப்பாங்களான்னு முன்னாடியே கேளுங்க.

பிஎஸ்என்எல் ஃபைபரையும் விசாரிங்க, அத நெறைய ஊர்ல உள்ளூர் ஆளுங்கதான் பிரான்சைஸ் எடுத்து நடத்தறாங்க, சில எடத்துல நம்ம கேபிள்காரரே அந்த ஆளா இருப்பாரு.

அதுக்கப்பறம் கேபிள்காரர்கிட்ட அந்த 499 நோட்டீசக் காட்டி, அண்ணா எனக்கு 100 வேண்டாம், 50 எம்பியாக் கொறச்சு வரியோட 550க்குள்ள போட்டுக் குடுங்கன்னு நேராக் கேளுங்க. அவருக்கு ஒரு வாடிக்கை போறதுக்கு அது எவ்வளவோ தேவலை, பாதிப்பேரு எறங்கி வருவாங்க. மசியலைன்னா கம்பெனி லைன ஒரு மாசத்துக்கு மட்டும் போடுங்க, கூலி குடுத்தாலும் பரவால்ல, ஆறு மாசக் காச மொத்தமாக் குடுத்துட்டா அப்பறம் கஸ்டமர் கேர்ல புகாருக்கு டாக்கெட் நம்பர் வாங்கி வாங்கி வெச்சுட்டு உக்காந்திருக்கோணும். அந்த ஒரு மாசமும் பழைய லைனக் கட் பண்ணிராதீங்க.