அழற்சியும் ரத்தக் கட்டியும்: ரத்தவியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: நிமோனியாவில் படுத்திருந்த அப்பாவுக்கு இப்போது காலில் ரத்தம் உறைந்திருக்கிறது என்கிறார்கள். நோய் நெஞ்சில், கட்டி காலிலா?

பதில்: நடமாட்டம் இல்லாததால் ரத்த ஓட்டம் மந்தமானது ஒரு காரணம். மற்றொன்று அழற்சி, அதாவது கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடல் காட்டும் வீக்கம், சூடு போன்ற எதிர்வினை. கிருமி புகுந்ததும் கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற உறைபுரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கிறது. இந்த வலையை 2004இல்தான் விவரித்தார்கள். தட்டணுக்களும் சிவப்பணுக்களும் அதில் சிக்கிக் கட்டியாகும் என்பது 2010இல் தெரியவந்தது. கிருமியைப் பரவவிடாமல் அடைத்துவைக்கும் தற்காப்பு இது. அளவு மீறினால் கிருமியே இல்லாத கால் சிரையிலும் ரத்தம் உறைகிறது. கொரோனா காலத்தில் இதை நிறையப் பார்த்தோம்.

கேள்வி: அப்படியானால் வீக்கம் வற்ற மாத்திரை தந்தால் போதாதா டாக்டர்?

பதில்: போதாது. கட்டி வளராமலும், உடைந்து நுரையீரலுக்குப் போகாமலும் காப்பவை ஹெப்பாரின், வார்ஃபரின், அபிக்சபான் போன்ற உறைவுத்தடுப்பு மருந்துகள்தான். பொதுவாகக் குறைந்தது 3 மாதம் தர வேண்டும். அவற்றோடு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வீக்க, வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். மருந்துக் கடையில் தானாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

கேள்வி: எனக்கு பெசெட் நோய். கால் சிரையில் கட்டி வந்ததற்கு ஸ்டீராய்டு தருகிறார்கள். சரிதானா?

பதில்: சரிதான். உங்கள் நோயில் சிரையின் சுவரே அழற்சியால் புண்பட்டிருக்கிறது. கட்டி அதன் விளைவு. அதனால் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துதான் முதன்மைச் சிகிச்சை. மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு கேட்காதீர்கள்.

கேள்வி: மாரடைப்பு வந்த எனக்கு, யூரிக் அமில மூட்டுவலிக்குத் தரும் கோல்ச்சிசினை எழுதியிருக்கிறார்கள். மாற்றி எழுதிவிட்டார்களோ?

பதில்: இல்லை ஐயா. இதயத் தமனியில் படிந்த கொழுப்புத் திட்டு அழற்சியால் நலிந்து வெடித்தால், அதன்மேல் ரத்தம் உறைந்து மாரடைப்பு வருகிறது. 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் அடக்கிய கனகினுமாப் ஊசி, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகளைச் சுமார் 15 சதவீதம் குறைத்தது. கூடவே உயிர்பறிக்கும் தொற்றுகள் அதிகமாயின. விலையும் எட்டாத விலை. கோல்ச்சிசின் மலிவானது. 2019, 2020 ஆய்வுகளில் பலன் தெரிந்து, 2023இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வொன்று 2024இல் பலனில்லை என்றது. வழக்கு இன்னும் முடியவில்லை என்பதே என் எண்ணம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் இதே கோல்ச்சிசின் இருக்கிறது. அதற்காக அதன் கிழங்கான கண்வலிக்கிழங்கை அரைத்துக் குடித்தால் உயிர் போய்விடும்.

கேள்வி: மஞ்சள் பால் குடிக்கலாமா?

பதில்: குடியுங்கள். உறைவுத்தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்குக் மஞ்சளின் சத்தான குர்குமின் மாத்திரை மட்டும் வேண்டாம்.

கேள்வி: முடக்குவாதம் உள்ள எனக்கு டி-டைமர் அதிகமாக வந்திருக்கிறது. கட்டி இருக்கிறதா?

பதில்: டி-டைமர் என்பது ரத்தக் கட்டி கரையும்போது ரத்தத்தில் சேரும் புரதத் துணுக்கு. அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது அம்மா. அழற்சி, கர்ப்பம், அறுவை சிகிச்சை, முதுமை என எதுவும் அதை உயர்த்தும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ இருமலில் ரத்தம் வந்தாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.