நேபாளி நாவல்களில் பெண்கள்: கேள்வி பதில்

அக்கா, நேபாளி நாவல் ஒன்றுகூடப் படித்ததில்லை. எதில் தொடங்கலாம்?

பாரிஜாத் எழுதிய 'சிரீஷ்கோ ஃபூல்'. 1960-களில் வந்தது. நேபாளத்தின் பெரிய இலக்கிய விருதான மதன் புரஸ்கார் பெற்ற முதல் பெண் அவர்தான். டார்ஜிலிங்கில் பிறந்தவர், இயற்பெயர் விஷ்ணு குமாரி வைபா. பாரிஜாத் என்றால் நம் பவழமல்லிதான். சின்னப் புத்தகம், இரண்டு நாளில் முடித்துவிடலாம். அப்புறம் தூக்கம் வராது, அது வேறு விஷயம்.

அதைப் படித்தேன் மேடம். கதை சொல்வது முழுக்க ஓர் ஆண். நாயகி சகம்பரி மனதில் என்ன இருந்தது என்றே தெரியவில்லை, கடைசியில் செத்தும் போகிறாள். இதில் பெண்ணின் எதிர்ப்பு எங்கே?

முதல் வாசிப்பில் நானும் எரிச்சலாகி மூடி வைத்தேன். ஆனால் கதை சொல்லும் சுயோக்வீர் யார்? இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் சண்டையிட்டுத் திரும்பிய சிப்பாய், அங்கே பழங்குடிப் பெண்களைச் சீரழித்தவன். அதை அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறார் பாரிஜாத். அவன் காத்மாண்டுவில் நண்பனின் தங்கை சகம்பரியைப் பார்க்கிறான். முடியை ஒட்ட வெட்டியவள், சிகரெட் பிடிப்பவள், ஆணுக்குப் பிடிக்க வேண்டுமே என்ற கவலையே இல்லாதவள். ஒருநாள் கேட்காமல் முத்தமிடுகிறான். அவள் ஒன்றும் பேசாமல் போய்விடுகிறாள், பிறகு இறக்கிறாள். ஏன் என்று நாவல் விளக்குவதில்லை. அவன் அதைக் காதல் என்கிறான். அவளுக்கு அது என்ன என்பது கடைசிவரை அவனுக்குப் பிடிபடவில்லை, அதனால் நமக்கும் இல்லை. தன் மனதை அவள் அவன் கையில் கொடுக்கவே இல்லை. நான் அதைத்தான் எதிர்ப்பு என்பேன். அவளை உயிரோடு விட்டிருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

பெண்களைப் பற்றி ஆண்கள் யாராவது உருப்படியாக எழுதியிருக்கிறார்களா?

பி.பி. கொய்ராலா. 1959-இல் தேர்தலில் வென்று நேபாளப் பிரதமரான அதே கொய்ராலாதான். அவருடைய 'தீன் கும்தி', அதாவது மூன்று திருப்பங்கள். காத்மாண்டு பள்ளத்தாக்கின் நேவார் இனப் பெண் இந்திரமாயா பெற்றோரை மீறிப் பிராமணன் பீதாம்பரைக் கட்டிக்கொள்கிறாள். அவன் அரசியலால் சிறையில் இருக்கும்போது நண்பன் ரமேஷோடு உறவு, ஒரு மகள். பிறகு மகளுக்காகக் கணவனையே விட்டு விலகுகிறாள். ஜனநாயகம் கேட்டுச் சிறைக்குப் போனவனுக்கு மனைவியின் முடிவு மட்டும் தொண்டையில் சிக்குகிறது!

இன்னொரு நேபாளி நாவலில் வரும் யோக்மாயா கற்பனைப் பாத்திரமா?

இல்லை, வாழ்ந்தவர். அப்போது நேபாளத்தைப் பரம்பரையாக ஆண்ட ராணாக்களிடம் தர்ம ராஜ்ஜியம், அதாவது நீதியான ஆட்சி கேட்டு, 1941-இல் 67 பேரோடு அருண் ஆற்றில் இறங்கி உயிர்விட்டார். அவரை நாவலாக்கி நீலம் கார்க்கி நிஹாரிகாவும் மதன் புரஸ்கார் வாங்கினார். எல்லோரும் ஆற்றையே பேசுவார்கள். சாதியையும் ஊழலையும் சாடி அவர் பாடியவற்றை முதலில் தேடிப் படியுங்கள்.