மேடு பள்ளம் இல்லாத பாதைக்கு எப்படிப் பழகுவது?

கேள்வி: செங்காங்கில் வசிக்கிறேன், வயது 46, எடை 75 கிலோ. வரும் ஜூனில் மைத்துனரும் நானும் அயர்லாந்தின் ராயல் கால்வாய்க் கரையில் கிராவல் சைக்கிள் (சரளைப் பாதைக்கான சைக்கிள்) ஓட்டப் போகிறோம். காரே வராத 130 கிலோமீட்டர் பாதை. சிங்கப்பூரில் அப்படி ஒன்று இல்லையே, எங்கே பழகுவது? என் டயர் 40 மில்லிமீட்டர், எவ்வளவு காற்று அடிக்கலாம்? போன வாரம் ஈஸ்ட் கோஸ்ட்டில் 40 கிலோமீட்டர் ஓட்டியதற்கே சுண்டுவிரல் மரத்துவிட்டது.

பதில்: விரல் மரத்ததைக் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் பயணத்துக்கு உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது. மேடு பள்ளமான சாலையில் ஏற்றம் வந்தால் எழுந்து மிதிப்போம், இறக்கத்தில் காலுக்கு ஓய்வு கொடுத்து உருட்டுவோம், உடம்பு தானாகவே இடம் மாறிக்கொள்ளும். கால்வாய்க் கரையில் அதற்கு வழியில்லை. மதகுகளுக்குப் பக்கத்தில் வரும் சின்ன ஏற்றங்களை விட்டால் மணிக்கணக்கில் ஒரே மிதிதான். தொடை தாங்கிவிடும், கையும் இடுப்பும் உட்காரும் இடமும்தான் முதலில் கெஞ்சும்.

சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கை வழியே ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துவதால்தான் அந்த மரமரப்பு. முதலில் சீட்டைப் பாருங்கள், மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடல் எடை முழுக்கக் கைக்கு வந்துவிடும், சமமாக வையுங்கள். அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள், மேல்பட்டை, பிரேக் முனை, கீழ்வளைவு என்று மூன்று இடம் இருப்பதே அதற்குத்தான். கால் மணிக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று பத்துப் பதினைந்து மிதி மிதியுங்கள். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருப்பதுபோல் தோன்றினால் கடையில் ஸ்டெம்மை, அதாவது ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டை, குட்டையாக மாற்றச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. இவ்வளவு செய்தும், இறங்கி ஒரு நாள் ஆன பிறகும் மரமரப்பு நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, எங்கே பழகுவது? அயர்லாந்துக் கால்வாய் படகுக்காக வெட்டியது. 1790இல் வேலை தொடங்கி 1817இல் ஷானன் ஆற்றைத் தொட்டது. படகைக் குதிரை இழுத்துப் போகக் கரையோரம் போட்ட பாதைதான் இன்று சைக்கிளுக்கு வந்திருக்கிறது. நம் கால்வாய்கள் மழைநீரை வேகமாக வெளியேற்றக் கட்டியவை, கரையில் சிமெண்ட்டும் தாருமாகப் பூங்கா இணைப்புப் பாதை ஓடும். (பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நேராக ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக 2012இல் மாற்றிவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் நின்று பாருங்கள், அவ்வளவு அழகு.) சரளை இல்லையே என்று வருத்தப்படாதீர்கள். உங்களுக்கு வேண்டியது சீட்டில் உட்காரும் மணிநேரம், அதற்கு இந்தத் தட்டையான பாதைகளே போதும். உங்கள் வட்டாரத்திலிருந்தே சுங்கை பொங்கோல் ஓரமாகக் கிளம்பி, கோனித் தீவு, லோரோங் ஹாலுஸ், பாசிர் ரிஸ், சாங்கி வழியாக ஈஸ்ட் கோஸ்ட் வரை போய்த் திரும்பினால் அரை நாள் ஓடிவிடும், சாலையைக் கடக்க வேண்டிய இடங்கள் மட்டும் நடுவில் வரும்.

அந்த வழியிலேயே மண் பாதையும் கிடைக்கிறது. கோனித் தீவுக்குள் தார் கிடையாது, சவுக்கு மரங்களுக்கு நடுவே மண்ணும் கல்லுமாகப் போகும். சின்னப் பாதைதான், காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும், மணல் ஈ கடிக்கும், கைகாலில் மருந்து பூசிக்கொள்ளுங்கள்.

நீளமான மண் பாதை வேண்டுமென்றால் ரயில் காரிடர். மலாயா ரயில் 2011 ஜூன் 30 அன்று கடைசியாக ஓடிய தடம், வடக்கிலிருந்து தஞ்சோங் பகார் பக்கம் வரை 24 கிலோமீட்டர். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் தடத்தை மெல்லிய சரிவாகவே போட்டார்கள், அதனால் கால்வாய்க் கரையைப்போல இங்கே இதைவிடப் பொருத்தமான பாதை கிடையாது. முந்தின நாள் மழை பெய்திருந்தால் நிழலான பகுதிகளில் குட்டை நிற்கும், புல்லும் சேறும் சேர்ந்து பிரேக் பக்கம் அப்பிக்கொண்டு சக்கரம் கரகரவென்று சத்தம் போடும். அதையும் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள், அயர்லாந்தில் ஜூனிலும் மழை உண்டு. இரும்புப் பாலங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வேலை நடந்தால் சில பகுதிகளை மூடுவார்கள், கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள். எம்ஆர்டியில் மடக்கு சைக்கிளுக்குத்தான் அனுமதி, ஆகவே செங்காங்கிலிருந்து பெரிய டாக்சி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் விடியலில் ஓட்டியே போக வேண்டும்.

ஞாயிறு காலையில் ரயில் காரிடர் முழுக்க நடப்பவர்களும் குழந்தைகளும்தான். பூங்கா இணைப்புப் பாதையில் 25 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம் என்றாலும் ஆள் இருக்கும் இடத்தில் பாதி வேகம்கூட அதிகம் என்பதுதான் என் கருத்து. தூரத்திலேயே மணி அடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுத் தாண்டுங்கள். அயர்லாந்திலும் இந்தப் பழக்கம் உதவும், பழைய கல் பாலங்களுக்கு அடியில் பாதை குறுகும், எதிரே வருபவர் தெரியமாட்டார்.

காற்று: டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் உச்ச வரம்பு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். உங்கள் எடைக்கும் அகலத்துக்கும் டியூப் இருந்தால் முன்னால் 36, பின்னால் 40 பிஎஸ்ஐ என்று ஆரம்பியுங்கள். கையில் அதிர்வு அதிகமென்றால் இரண்டிரண்டாகக் குறையுங்கள், ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் மறுபடி ஏற்றுங்கள். ராயல் கால்வாய்ப் பாதை சில இடத்தில் தார், சில இடத்தில் இறுக்கிய கல்தூள், முள்ளுமுள்ளான டயருக்கு அங்கே வேலையில்லை.

பயிற்சிக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி: கிளம்புவதற்கு முந்தின மாதம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து, நாளுக்கு நான்கு மணிநேரம் ஓட்டுங்கள். முதல் நாள் யாரும் ஓட்டிவிடலாம். இரண்டாம் நாள் காலையில் அதே சீட்டில் உட்காரும்போதுதான் எது சரியில்லை என்று தெரியும். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை வேண்டாம், அந்தத் தையல்தான் தோலை உரசிப் புண்ணாக்கும். இடி மின்னல் என்றால் பாதியில் நிறுத்திவிடுங்கள், திறந்த கால்வாய்க் கரையில் ஒதுங்க இடம் இருக்காது.

அங்கே போனதும் டப்ளினிலிருந்து ரயிலில் லாங்ஃபர்ட் போய், அங்கிருந்து கிழக்கே, பாதையின் மறுமுனையான மேனூத் நோக்கித் திரும்பி ஓட்டுங்கள். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசும், முதுகில் தள்ளிவிடும். மல்லிங்கார் ஏறக்குறைய நடுவில் வருகிறது, இரவு அங்கே தங்கலாம். அந்த ரயிலில் சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான், டிக்கெட்டோடு சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள். வாடகை சைக்கிள் எடுப்பதாக இருந்தால் உங்கள் சீட்டையும் பெடலையும் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போங்கள், சீட்டின் உயரத்தை இங்கேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.