பூட்டில் கை வைக்காதீர்கள்

கேள்வி: தாராவியில் உள்ள எங்கள் தமிழ்ச் சபை பொது டிரஸ்டாகப் பதிவானது. மூன்று வருடத்துக்கு ஒரு தேர்தல் என்பது விதி. தலைவர் 9 வருடமாகப் பொதுக்குழுவையே கூட்டவில்லை. காணிக்கைக் கணக்கு கேட்டால் "கர்த்தருக்குக் கணக்குக் கொடுப்பேன்" என்கிறார். அசன (சபை விருந்து) நோட்டீஸில் எங்கள் குடும்பப் பெயர்களையே எடுத்துவிட்டார். போன மாதம் 74 உறுப்பினர்கள் கூடிப் புதிய கமிட்டியைத் தேர்ந்தெடுத்தோம், நான் செயலாளர். சாவியைத் தர மறுக்கிறார்கள். பூட்டை மாற்றிவிட்டு ஆராதனை நடத்தலாமா?

பதில்: கூடாது.

அசன நோட்டீஸ் விஷயம் உங்களை நோகடித்திருக்கும், புரிகிறது. ஆனால் மும்பை வொர்லியில், பொது டிரஸ்டுகளைக் கண்காணிக்கும் சேரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் அதை யாரும் கேட்கப்போவதில்லை. 9 வருடக் கணக்குகூட இப்போதைக்கு இரண்டாம்பட்சம்தான். அந்த 74 பேர் கூட்டத்தைக் கூட்டியது யார், எந்த விதியின் கீழ், யார் யாருக்கு நோட்டீஸ் போனது? உங்கள் வழக்கு முழுக்க இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மகாராஷ்டிர பொது டிரஸ்ட் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, நிர்வாகிகள் மாறியதைத் தெரிவிக்கும் சேஞ்ச் ரிப்போர்ட்டை 90 நாளுக்குள் அந்த அலுவலகத்தில் போட வேண்டும் என்பது தெரிந்திருக்கும். தலைவர் ஆட்சேபம் தெரிவிப்பார். உங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் சொல்லிக் கூட்டம் போட்டிருந்தால், எதிர்த்து ஓட்டுப் போடக்கூடியவர்களுக்கு ஏன் நோட்டீஸ் இல்லை என்ற முதல் கேள்வியிலேயே ரிப்போர்ட் விழும். நோட்டீஸ் சரியாக இருந்தாலும், ஆட்சேபம் வந்துவிட்டால் சாட்சி, குறுக்கு விசாரணை, மேல்முறையீடு என்று வருடங்கள் ஓடும். மாற்றம் தேர்தல் நாளிலேயே நடந்துவிட்டது என்று வாதிட இடமுண்டு. ஆனால் வங்கி மேலாளர், அந்த அலுவலகத்தின் டிரஸ்ட் பதிவேடான ஷெட்யூல்-1-இல் உங்கள் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

நல்ல கமிட்டிகள் விழுவது இந்த இடத்தில்தான். வங்கிக் கணக்கு கைக்கு வராது, ஞாயிற்றுக்கிழமை காணிக்கை மட்டும் வந்துகொண்டிருக்கும். "தற்காலிகமாக" என்று பொருளாளரின் சொந்தக் கணக்கில் போடுவார்கள், அல்லது அவருடைய ஜிபே எண்ணை வாங்கிப் பகிர்வார்கள். ஒரு ரூபாய்கூட எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் கணக்குக் கேட்டுப் போராடியவர்களே நம்பிக்கை மோசடிப் புகாருக்குப் பதில் சொல்லிக்கொண்டு காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பார்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவு அது. பூட்டை உடைத்தால் அதோடு 329-ம் சேரும், அத்துமீறி நுழைந்ததற்கு. இப்படி வந்தவர்களுக்காக ஆஜராகியிருக்கிறேன். சபைக்காக உண்மையாக உழைத்தவர்கள் அவர்கள். அவர்கள் பிள்ளைகள் இன்றைக்கும் அந்த ஆலயத்துக்குப் போவதில்லை.

இன்னொன்று: இரண்டு கமிட்டி, இரண்டு ஆராதனை என்று தகராறு முற்றினால், இரண்டு தரப்பையும் ஒதுக்கிவிட்டு நிர்வாகத்தை வெளியாள் கையில் கொடுக்கவும் சட்டத்தில் வழியிருக்கிறது.

என் யோசனை: போன மாதக் கூட்டத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள். விதிப்படி போதுமான உறுப்பினர்கள் கையெழுத்திட்டு, பொதுக்குழு கூட்டும்படி தலைவருக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கை அனுப்புங்கள். அவர் அசையாவிட்டால் அதே டிரஸ்ட் சட்டத்தின் 41ஏ பிரிவில் கமிஷனரிடம் உத்தரவு கேட்கலாம். அதற்கு முன்பே, இரு தரப்பும் மதிக்கும் ஒரு பெரியவரை வைத்துப் பேசுங்கள். கௌரவத் தலைவர் பட்டமும் மேடையில் ஒரு நாற்காலியும் கொடுத்தால் இப்போதைய தலைவர் விலகக்கூடும் என்றால், கொடுத்துவிடுங்கள். அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட சேஞ்ச் ரிப்போர்ட், நீங்கள் வருடக்கணக்கில் போராடி வெல்லக்கூடிய எந்த ரிப்போர்ட்டையும்விட மேல். கணக்கை அதற்குப் பிறகு, கமிட்டியாக உட்கார்ந்து, ஆடிட்டரை வைத்துப் பாருங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உறுப்பினர் பதிவேட்டின் நகலை எடுத்து, அந்த 74 பேரில் சந்தா பாக்கி இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அது தெரியாமல் சமரசப் பேச்சுக்குக்கூட உட்கார வேண்டாம்.