வாசகர் கேள்வி – பதில்: கழுத்துப் பிடி

கேள்வி: பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து முழுப் பலத்தோடு இறுக்குகிறேன். என் கைதான் சோர்கிறது, எதிராளி இருமுகிறானே தவிர, தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டுவதில்லை. எங்கே பிழை?
– ஏறாவூரிலிருந்து ஒரு மாணவர்

பதில்: இருமல் வருகிறதென்றால் உங்கள் முன்கை எலும்பு குரல்வளையில் ஏறி நிற்கிறது. அது வலிக்கும், குருத்தெலும்பைக்கூட உடைக்கும், ஆனால் ஆளை லேசில் அடக்காது. இந்தப் பிடிக்கு இலக்கு, கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள். அவற்றை அடைக்கச் சுமார் 5 கிலோ அழுத்தம் போதும், மூச்சுக்குழாயை அடைக்க 15 கிலோ அளவில் வேண்டும் என்பது தடயவியல் மருத்துவக் கணக்கு. நீங்கள் மூன்று மடங்கு வேலை செய்து பாதிப் பலன் எடுக்கிறீர்கள்.

வலக்கையால் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். முழங்கை மடிப்பு எதிராளியின் நாடிக்கு (முகவாய்க்கு) நேர் கீழே வரவேண்டும். அப்போது ஒரு பக்கத்தை மேல்கையும் மறுபக்கத்தை முன்கையும் அழுத்தும், நடுவில் குரல்வளைக்கு இடம் கிடைக்கும். வலது உள்ளங்கை உங்கள் இடது மேல்கையைப் பற்றட்டும். இடக்கையை அவர் பிடரிக்குப் பின்னால் நுழையுங்கள். தோளுக்கு மேலே நீட்டினால் அவர் அதைப் பிடித்து இழுத்துவிடுவார். இனிக் கையால் இழுக்க வேண்டாம். இரண்டு முழங்கைகளையும் நெருக்கி, மூச்சை உள்ளே இழுத்து நெஞ்சை விரியுங்கள். உங்கள் நெஞ்சுக்கும் அவர் முதுகுக்கும் இடையில் ஒரு விரல் நுழைந்தாலும் பிடி தளர்ந்துவிடும். நம் பக்கத்து வெக்கையில், சட்டையில்லாமல் பழகும்போது வியர்வையில் கை வழுக்குவதும் இந்த இடைவெளியால்தான்.

குதிகால்களை அவர் தொடைகளின் உள்பக்கம் கொளுவி வையுங்கள். கணுக்காலைக் குறுக்கே பின்னினால் ஜியு-ஜித்சு என்ற பிடிச் சண்டையில் அவர் தன் காலைப் போட்டு உங்கள் பாதத்தையே பூட்டிவிடுவார். அவர் நாடியைத் தாழ்த்தி மறைத்தால் தாடையை நசுக்கித் திறக்கப் பார்க்காதீர்கள். முதலில் அவர் காக்கும் கையின் மணிக்கட்டைப் பிடித்து இறக்குங்கள், தலை அசையும் நேரத்தில் பெருவிரல் பக்கமாகக் கையை வழுக்கி உள்ளே விடுங்கள். பிடி சரியாக விழுந்தால் பத்து விநாடிக்குள் தட்டுவார். தட்டவில்லையென்றால் பலத்தைக் கூட்டாமல் விட்டுவிட்டு மறுபடி போடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, ஜூடோ பழகுகிறான். இந்தப் பிடியும் பழக்குவார்களா, ஐயா?
– அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தந்தை

பதில்: கழுத்து நெரிப்பை எந்த வயதிலிருந்து அனுமதிப்பது என்ற ஜூடோ விதி நாட்டுக்கு நாடு மாறும், சிறுவருக்குப் பல இடங்களில் அனுமதி இல்லை. நல்ல பயிற்றுநர் அந்த வயதில் தப்பும் முறையையும் தட்டும் பழக்கத்தையும்தான் சொல்லித் தருவார். ஒலிம்பிக் மல்யுத்தத்திலோ எந்த வயதிலும் தொண்டையை நெரிக்க முடியாது. தலையை இரு கையாலும் பூட்டினால் எதிராளியின் ஒரு கையும் அந்தப் பூட்டுக்குள் வரவேண்டும்.

கேள்வி: பயிற்சியில் ஒருவர் மயங்கினால் முகத்தில் தண்ணீர் தெளிக்கலாமா?
– களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி

பதில்: தண்ணீர் வேண்டாம், கன்னத்தில் அறையவும் வேண்டாம். பிடியை உடனே விட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்துங்கள். கை கால் சில கணம் துடிக்கலாம். பெரும்பாலும் இருபது விநாடிக்குள் கண் திறப்பார். திறக்காவிட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மூச்சு இல்லையென்றால் அம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

கல்லடிக் கடற்கரையில் பழகுவோருக்கு ஒன்று: குப்புற விழுந்த நிலையில் இந்தப் பிடியைப் போட வேண்டாம். மயங்கியவரின் வாயும் மூக்கும் மணலில் புதைவது மேலே இருப்பவருக்குத் தெரியாது.

எழுந்த பிறகு குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி, கழுத்து வீக்கம் இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒரு பக்கக் கை கால் சோர்வு, பார்வை மங்கல், விடாத தலைவலி ஆகியவை சில நாள் கழித்தும் வரலாம். இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கக்கூடும். மயங்கி எழுந்தவருக்கு அன்றைய பயிற்சி அதோடு சரி. வீட்டுக்கு மோட்டார் சைக்கிளை அவரே ஓட்டிப் போகவும் விடாதீர்கள்.